புத்தூருக்குக் கிடைத்த ஒன்று

கொழும்பிலிருந்து வருகின்ற சுற்றுநிருபங்களை வாசிக்கும் வழக்கம் எங்கள் பக்கத்து அரசாங்கக் கந்தோர்களில் இல்லை. வரும், வந்ததென்று பதிவார்கள், துளை போட்டுக் கோவையில் கோப்பார்கள். இதனால் நாட்டுக்கு இதுவரை ஒரு கெடுதலும் வந்ததில்லை. அவற்றில் ஒன்றை ஒருவர் வாசித்ததால்தான் கெடுதல் வந்தது.

வாசித்தவர் செயலாளர் திரு. தவயோகராசா. எந்தக் கந்தோரின் செயலாளர் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நாளைக்கு அங்கே அலுவலாகப் போகிறவர்களுக்கு இடைஞ்சல். அன்றைக்குக் கரண்ட் இல்லை. மனிதர் விசிறுவதற்கென்று மேசையிலிருந்த ஒரு கடதாசியை எடுத்தார். விசிறிக்கொண்டே கண்ணை ஓட்டினார்.

"எதிர்வரும் முப்பது ஆண்டுகளுக்குள், தேவை ஏற்படுமிடத்து, தொலைபேசி இலக்கங்களின் நீளம் ஓர் இலக்கத்தினால் அதிகரிக்கப்படக்கூடுமாதலால், சகல அலுவலகங்களும் உரிய முன்னாயத்தங்களைக் கவனத்திற் கொள்வது விரும்பத்தக்கது."

செயலாளர் விசிறுவதை நிறுத்தினார். அவர் உத்தியோகத்திலிருந்து இளைப்பாற எட்டு மாதம் இருந்தது. இத்தனை வருட சேவையில் அவருடைய பெயர் ஒரேயொரு கல்லில்தான் இருந்தது. அது ஒரு பொது மலசலகூடத்தின் திறப்புவிழாக் கல். அந்த மலசலகூடமும் போன மாரியோடு இடிந்துபோனது. முப்பது ஆண்டுக்குப் பிறகு வரப்போவதை இன்றைக்கே செய்து முடித்த முதல் கந்தோர் என்ற பெயர் கிடைத்தால் அதை எந்த மாரி இடிக்கும்?

அடுத்த கிழமையே 'தொலைபேசி இலக்க நீட்சி முன்னாயத்தப் பிரிவு' ஆரம்பமானது. அதற்குப் பொறுப்பாக அபிவிருத்தி உத்தியோகத்தர் கஜந்தினி நியமிக்கப்பட்டாள். பட்டம் பெற்று ஆறு வருடம் வேலைக்காகக் காத்திருந்து, வேலை கிடைத்தபின் இரண்டு வருடம் மேசைக்காகக் காத்திருந்தவள் அவள். பிரிவோடு ஒரு மேசையும் வந்ததால் மறுபேச்சுப் பேசவில்லை. பிரிவின் முதற்பணியாக, கந்தோரின் படிவங்கள் எல்லாவற்றிலும் தொலைபேசி இலக்கத்துக்கான பத்துப் பெட்டிகள் பதினொன்றாக்கப்பட்டன.

புத்தூர்த் தோட்டக்காரன் சிவகரன் புரட்டாதி மாதத்தில் அங்கே போனது இதெல்லாம் தெரியாமல்தான். அவனுடைய அலுவல் ஒரு மதகு. அவனுடைய தோட்டத் தறைக்குப் பக்கத்து வீதியை இதே கந்தோர் போன வருடம் அகலமாக்கியது. அகலமாக்கிய கொந்தராத்துக்காரர் மிஞ்சிய கல்லையும் கொங்கிறீற்றுக் கட்டிகளையும் மதகுக்குள்ளேயே தள்ளிவிட்டுப் போய்விட்டார். மாரி வெள்ளம் ஓட வழியில்லை. ஐப்பசியில் வெங்காயம் நடவேண்டும். கார்த்திகை மழையில் வெங்காயத்தின் காலில் வெள்ளம் நின்றால் முழுத்தறையும் அழுகும்.

நீயே அலவாங்கை எடுத்துக் கிண்டினால் என்ன என்று கேட்கலாம். மதகுக்குப் பக்கத்தில் கந்தோர் ஒரு பலகை நட்டிருந்தது: 'பொதுச் சொத்தில் கை வைப்போர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்.' அந்த வீதியில் கந்தோர் பழுதில்லாமல் வைத்திருந்தது அந்தப் பலகை ஒன்றைத்தான்.

கஜந்தினி அவனுடைய முறைப்பாட்டை வாசித்தாள். பேனை ஓரிடத்தில் நின்றது.

"அண்ணை, உங்கடை போன் நம்பரிலை ஒரு பெட்டி வெறுமையாக் கிடக்கு."

"என்ரை நம்பர் பத்துத்தானே மிஸ். பெட்டி பதினொண்டு கிடக்கு."

"ஓம். அது வருங்காலத்துக்கு."

"அப்ப வருங்காலத்திலை நிரப்பலாம்தானே?"

"வெறுமையா விட்டால் அது பூர்த்தியாகாத முறைப்பாடு அண்ணை. எடுக்கேலாது."

சிவகரன் பேனையை வாங்கி, கடைசிப் பெட்டியில் ஒரு பூச்சியத்தைப் போடப் போனான். அவள் பதறிப்போய்க் கையைப் பிடிக்காத குறை.

"ஐயோ, அப்பிடிப் போடாதேங்கோ! அது உங்கடை நம்பர் இல்லை. பொய்த்தகவல் எண்டு உங்களுக்கு மேலை நடவடிக்கை வரும்."

"நிரப்பாட்டியும் பிழை. நிரப்பினாலும் பிழை. அப்ப நான் என்ன செய்யிறது?"

"மேலதிக இலக்கத்தை உபகுழு ஒதுக்கும். ஒதுக்கினாப் பிறகு நிரப்பலாம்."

"உபகுழு எப்ப கூடும்?"

"அதுதான் அண்ணை கூடேல்லை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொதுமக்கள் பிரதிநிதி வேணும். புத்தூரிலை கேட்டம். ஒருத்தரும் வரமாட்டினமாம்."

சிவகரன் கணக்குப் பார்த்தான். பிரதிநிதி இல்லாமல் குழு இல்லை. குழு இல்லாமல் இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாமல் முறைப்பாடு இல்லை. முறைப்பாடு இல்லாமல் மதகு இல்லை. அவன் மதகிலிருந்து பின்னுக்கு நடந்து வந்து பார்த்தான். எந்த இடத்திலும் பிழை தெரியவில்லை.

"அப்ப என்ரை பேரைப் போடுங்கோ" என்றான்.

வீட்டில் மனைவி கோபிகா கேட்டாள், "மதகு என்னவாச்சு?"

"உபகுழுவிலை என்னைப் போட்டிருக்கினம்."

"மதகுக்கை தள்ளின கல்லு காணாதெண்டு உங்களையும் தள்ளிப்போட்டினமோ?" என்று சொல்லிவிட்டு அவள் உலையைப் பார்க்கப் போனாள்.

முதற்கூட்டம் நடந்த மண்டபத்தில் பெரிய பதாகை ஒன்று தொங்கியது. 'வெள்ளம் வருமுன் அணை கட்டுவோம்.' அதைக் கண்டதும் சிவகரனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. தன்னுடைய அலுவலை இவ்வளவு பெரிதாக எடுத்திருக்கிறார்களே என்று எழுந்து நின்றான்.

"சேர், எனக்குப் புதுசா அணை வேண்டாம். மதகுக்கை கிடக்கிற அணையை எடுத்துவிட்டால் காணும்."

செயலாளர் அன்போடு சிரித்தார். "தம்பி, அது உவமை. நாங்கள் இஞ்சை தொலைபேசி இலக்கத்தைப் பற்றித்தான் கதைக்கிறம்."

றோல்ஸும் தேத்தண்ணியும் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து விளக்கமளிக்க வந்த வளவாளர் ஒருவர் திரையில் படம் போட்டு, ஒன்று தொடக்கம் ஒன்பது வரையான இலக்கங்களை அறிமுகம் செய்துவைத்தார். பிறகு, புது இலக்கம் எங்கே வருவது என்ற கேள்வி எழுந்தது. புதிதாக வருகிறவர் வரிசையின் பின்னால் நிற்பதுதான் மரியாதை என்று ஒருவர் சொன்னார். நடுவில் போட்டால் இரண்டு பக்கத்துக்கும் மனவருத்தம் வராது என்று இன்னொருவர் சொன்னார். அரசாங்கம் கொடுப்பது முன்னுக்குத்தான் நிற்கவேண்டும் என்று செயலாளர் முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். றோல்ஸ் நன்றாக இருந்தது.

"இனி, எந்த ஊருக்கு எந்த இலக்கம்?" என்றார் செயலாளர்.

"எனக்கு ஏதாவதொண்டைத் தாங்கோ சேர்" என்றான் சிவகரன். அதை அவன் மனதாரத்தான் சொன்னான். அந்த நிமிடத்தில் கூட்டம் முடிந்திருந்தால் இந்தக் கதையும் முடிந்திருக்கும், வெங்காயமும் தப்பியிருக்கும்.

அச்சுவேலிப் பிரதிநிதி கஜீபன் தொண்டையைச் செருமினான். சந்தைக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன்.

"ஒண்டை எங்களுக்கு எழுதுங்கோ சேர். அச்சுவேலி பட்டினம். சந்தை இருக்கு, பாங்க் இருக்கு. அவையள் தோட்டக்காரர்தானே, அவைக்கு நாலோ அஞ்சோ காணும்."

நல்லூரில் சொந்தக்காரன் வீட்டுக்குப் போய், நாற்காலி தராமல் கதைத்தாலும் பொறுத்துக்கொள்கிறவன்தான் சிவகரன். ஆனால் உனக்கு இவ்வளவு போதும் என்று அச்சுவேலியான் வாயால் ஒரு 'காணும்' கேட்டுவிட்டுப் புத்தூரான் இருப்பானா? மதகு எங்கோ போய்விட்டது.

"ஏன், உங்கடை சந்தையிலை விக்கிறது ஆற்றை வெங்காயம்? நாங்கள் கொண்டுவராட்டி அங்கை நீங்கள் ஆணியைத்தான் அவிச்சுத் தின்னவேணும். ஒண்டு புத்தூருக்கு!"

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அன்று பின்னேரமே விஷயம் புத்தூர் முழுக்கப் பரவிவிட்டது. இதுவரை சிவகரனைக் கண்டும் காணாமல் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி இறங்கிக் கதைத்தார்கள். "விட்டுடாதை தம்பி. நாங்கள் பின்னாலை நிக்கிறம்." மதகைப் பற்றி அவன் நடையாய் நடந்தபோது பின்னால் ஒருவரும் நின்றதில்லை. இத்தனைக்கும் அந்த மதகுக்குத் தண்ணி ஓடுவது அவர்களுடைய தோட்டங்களிலிருந்தும்தான்.

அடுத்த மூன்று கூட்டங்களில் ஊர் இரண்டுபட்டது. கனடாவிலுள்ள புத்தூர் ஒன்றியம் அவசரமாகக் கூடி ஒரு கண்டன அறிக்கை விட்டது. அதற்குப் போட்டியாக லண்டனில் அச்சுவேலிக்காரர் இராப்போசனம் வைத்தார்கள். எண்சாத்திரம் பார்ப்பவர்கள் வீட்டு வாசலில் செருப்பு நிரம்பியது. கலியாண அழைப்புக் காட்டுகளில் தொலைபேசி இலக்கத்துக்கு முன்னால் ஒரு வெறும் வட்டம் அச்சடிப்பது நாகரிகமானது. வட்டமில்லாத காட்டைக் கொண்டுபோனால் பழசு என்றார்கள். ஓட்டோக்காரப் பெடியள் பின்கண்ணாடியில் பெரிதாக '1' என்று ஒட்டினார்கள். செத்தவீட்டு நோட்டீசிலும், தொடர்புக்கென்று போடுகிற கனடா, சுவிஸ், பிரான்ஸ் இலக்கங்களுக்கெல்லாம் முன்னால் வட்டம் வந்தது. அந்த நாடுகளுக்கு இந்த விஷயம் இன்னும் அறிவிக்கப்படவில்லை.

ஐப்பசியில் சிவகரன் வெங்காயம் நட்டான். முக்கால்வாசியைக் கோபிகாதான் நட்டாள். அவனுக்குப் பத்திரிகைப் பேட்டி இருந்தது.

"வானத்தைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"இலக்கம் கிடைச்சவுடனை முறைப்பாட்டைப் பதியலாம் கோபி. இன்னும் கொஞ்ச நாள்."

"வெங்காயத்துக்கு எத்தினை இலக்கமாம்?"

அவள் கேட்டது நியாயம் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அச்சுவேலியானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு வீதியில் போவது?

கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். பிள்ளையார் படத்துக்கு முன்னால், ஒரு எவர்சில்வர் செம்புக்குள், ஊர்ப் பெயர்களைச் சுருட்டிப் போட்டுக் கஜந்தினி எடுத்தாள். ஒன்று புத்தூருக்கு. கஜீபனுக்கு முகம் கறுத்துப்போனது. அன்றைக்குப் புத்தூரில் வெடி கொளுத்தினார்கள். தீபாவளிக்குக் கொளுத்தியதை விடக் கூட. சிவகரனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள் அந்த மதகைக் கடந்துதான் போனார்கள்.

மறுநாள் அவன் கந்தோருக்குப் போய், முதற்பெட்டியில் ஒன்றை எழுதி, பதினொரு பெட்டியையும் நிரப்பினான். கஜந்தினி முத்திரை குத்தினாள்.

"இனிப் பிரச்சினை இல்லை அண்ணை. வெள்ளிக்கிழமை காலமை மண் அள்ளுற பெக்கோ வரும். வேலை தொடங்கமுன் உங்கடை நம்பருக்கு அடிச்சு உறுதிப்படுத்துவினம். அது விதி." பிறகு கொஞ்சம் யோசித்தாள். "வெள்ளிக்கிழமை ஒத்திகை நாள், என்ன?"

"தெரியும்தானே மிஸ். மேடையிலை எனக்குப் பொன்னாடை போடுகினம்" என்றான் சிவகரன் பெருமையோடு.

ஒத்திகை நாள் என்பது செயலாளரின் யோசனை. இலக்கம் நீளும் காலத்தில் மக்கள் திகைக்கக் கூடாது. ஆகையால் ஒரு நாள் முழுக்க எல்லோரும் பதினொரு இலக்கம் அடித்துப் பழகவேண்டும். ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். கூட்டமொன்றில் யாரோ கேட்டார், "சேர், பதினொண்டு அடிச்சால் கோல் போகுமோ?"

"போகாது. அது முப்பது வருசத்துக்குப் பிறகுதான் போகும்" என்றார் செயலாளர். "இப்ப நாங்கள் பழகிறது அடிக்கிறதுக்கு. கதைக்கிறதுக்கில்லை."

விளக்கம் எல்லோருக்கும் திருப்தியாக இருந்தது. வியாழக்கிழமை இரவு சிவகரன் கோபிகாவின் போனை வாங்கி, தன்னுடைய இலக்கத்துக்கும், கந்தோரின் இலக்கத்துக்கும், தெரிந்த இலக்கங்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒவ்வொரு ஒன்றைச் சேர்த்துப் பதிந்துவைத்தான். ஊரில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் இதே வேலைதான் நடந்தது. வெளியில் தூறல் தொடங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. புத்தூர் ஆண்கள் முழுப்பேரும் வேட்டி கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார்கள். கூரைத்தகட்டில் மழை இரைந்த இரைச்சலில் வரவேற்புரை ஒருவருக்கும் கேட்கவில்லை; அதனால் அது நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள். பொன்னாடைக்குள் இருந்த சிவகரன் இடைக்கிடை போனை எடுத்துப் பார்த்தான். அழைப்பு ஒன்றும் இல்லை. அழைப்பு இல்லையென்றால் அலுவல் பிசகில்லாமல் நடக்கிறது என்று அர்த்தம். முன்வரிசையில் இருந்தவர்களும் அப்படியே எடுத்துப் பார்த்து, அப்படியே நிம்மதியாக மடிக்குள் வைத்தார்கள்.

செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, இந்த அலுவலகத்தின் வரலாற்றில் இன்றுபோல ஒரு நாள் இருந்ததில்லை. வழக்கமாக மாரி தொடங்கினால் எங்களுடைய தொலைபேசி ஓயாது. வெள்ளம் என்பார்கள், மரம் விழுந்தது என்பார்கள். இன்று காலை தொடக்கம் இந்த நிமிடம் வரை ஒரு முறைப்பாடேனும் வரவில்லை! மக்கள் இவ்வளவு திருப்தியோடு இருந்த நாளை எனது சேவைக்காலத்தில் நான் கண்டதில்லை."

கைதட்டல் மழையை அமுக்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் பின்கதவால் கோபிகா உள்ளே வந்தாள். முழங்கால் வரை சேறு. தலையிலிருந்து தண்ணி வடிந்தது. சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு ஓடிவந்திருந்தாள்.

"என்னப்பா! எத்தினை தரம் உங்களுக்கு அடிச்சனான்! கந்தோருக்கும் அடிச்சனான்! அப்பிடியொரு நம்பர் இல்லையெண்டு மூண்டு பாஷையிலை சொல்லுது!"

செயலாளரின் முகம் மலர்ந்தது. "பிள்ளை, பதினொண்டும் அடிச்சனீங்களோ?"

"ஓம் அடிச்சனான்!"

"கேட்டியளே! ஒரே நாளிலை எங்கடை தாய்மார் எவ்வளவு வடிவாப் பழகிப்போட்டினம்!"

மண்டபம் மறுபடியும் கை தட்டியது. கோபிகா மேடைக்குக் கீழே வந்து நின்றாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"பெக்கோ காலமையே வந்தது. மதகுக்குப் பக்கத்திலை நிண்டு ட்ரைவர் உங்களுக்குப் பதினொண்டும் அடிச்சவர். போகேல்லை. நான் தறைக்கை நிண்டு கத்தினன், கிண்டுங்கோ அண்ணை, நான் அவற்றை மனிசி எண்டு. முறைப்பாட்டுக்காரர் தொடர்பிலை இல்லை, உறுதிப்படுத்தாமல் கை வைக்கேலாது எண்டு சொல்லிப்போட்டுத் திருப்பிக்கொண்டு போட்டார். தோட்டம் முழுக்க வெள்ளம். எங்கடை மட்டுமில்லை. இஞ்சை கை தட்டிக்கொண்டிருக்கிற எல்லாற்றையும்தான்."

முன்வரிசை எழுந்தது. எழுந்தவர்களில் பாதிப்பேர் அப்போதும் போனை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

சிவகரன் வரம்பில் போய் நின்றபோது வரம்பே தெரியவில்லை. வெங்காயத்தாள் நுனிகள் மாத்திரம் தண்ணிக்கு மேலே நின்றன. சாமமும் மழை விடவில்லை. விடிய அந்த நுனியும் இல்லை. தோளில் நனைந்து கனத்துக் கிடந்த பொன்னாடையை அவன் அப்போதுதான் கண்டான். வெட்கமாக இருந்தது. ஒரு அலவாங்கும் ஒரு மணித்தியாலமும் காணும் வேலைக்கு நான் மூன்று மாதம் ஊர்ப்பெருமை பேசினேனே என்று அவன் வாய்விட்டே அழுதான். கோபிகா கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினாள்.

வெள்ளம் வடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் புத்தூர் கூடியது. எல்லோருக்கும் நட்டம், எல்லோருக்கும் கோபம். இந்த விசர்த்தனத்திலிருந்து ஊர் விலக வேண்டும், கந்தோர் நட்டஈடு தரவேண்டும், மதகை உடனே கிண்டவேண்டும் என்று மனு எழுதத் தீர்மானித்தார்கள். மனுவை முன்மொழியச் சிவகரனைக் கேட்டார்கள். சொல்ல வேண்டியதை அவன் மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தான். எங்களுக்கு இந்த ஒன்றும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், பழைய பத்தே காணும். அவ்வளவுதான்.

எழுந்து வாயைத் திறக்கப் போனபோது, வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு ஒரு பெடியன் உள்ளே எட்டிப்பார்த்தான்.

"அண்ணையவை, ஒரு கதை. அச்சுவேலிக் கஜீபன் அண்ணை செயலாளரிட்டைப் போயிருக்கிறாராம். புத்தூரார் விலகினால் ஒண்டைத் தங்களுக்குத் தரச் சொல்லி. செயலாளரும் ஓமெண்டுட்டாராம்."

வாசிகசாலையில் ஒருவர் இருமினார். தோட்டம் முழுவதையும் பறிகொடுத்திருந்த ஒரு கிழவர் மெதுவாகக் கேட்டார், "அப்ப அவங்கள் ஒண்டை வைச்சுக்கொண்டு எங்களுக்கு முன்னாலை திரியப் போறாங்களோ?"

எல்லோரும் சிவகரனைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் இருந்த கோபிகாவும் பார்த்தாள். சிவகரனுக்குத் தான் சொல்ல எழுந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. தண்ணிக்குள் போன தறையும் ஞாபகம் இருந்தது. அவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"ஒண்டை விட்டுக்குடுக்கேலாது" என்றான்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வெங்காயத்தையும் மதகையும் பற்றி அடுத்த கூட்டத்தில் கதைக்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். கோபிகா அதைக் கேட்பதற்கு அங்கே இருக்கவில்லை. மதகைக் கிண்டியதற்காக மறுநாள் அவளுக்குக் கந்தோரிலிருந்து நோட்டீஸ் வந்தது. அதிலே அவளுடைய தொலைபேசி இலக்கத்தைப் பதினொரு பெட்டியிலும் பிழையில்லாமல் நிரப்பியிருந்தார்கள்.